நிழலில் அளவெடுத்த வண்டி

அந்த வண்டியில் எதெல்லாம் இல்லையோ அதெல்லாம் அதன் நிழலில் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது. நம்பாதவர்கள் தூத்துக்குடிக்கு வந்து மெக்கானிக் மாசாணத்தின் பட்டறையில் விசாரித்துக்கொள்ளலாம். மாசாணம் பொய் சொல்ல மாட்டான்; அந்தப் பொறுப்பை எங்கள் தெருவில் எனக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

வண்டி செலஸ்டின் மிராந்தாவுடையது. கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலைக்குப் போனவர், அமெரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் சோப்பு வாங்கிவரக் கீழே இறங்கினார், அவர் கடையைத் தேடினாரோ கடை அவரைத் தேடிற்றோ, கப்பல் அவர் இல்லாமல் கிளம்பிவிட்டது, அவரும் முப்பத்தொரு வருஷம் திரும்பவில்லை. அவர் இறங்கிய அன்றைக்கு அவர் மனைவி அமலோற்பவத்துக்கு ஏழாம் மாதம். பிறந்த பெண் ஜெசிந்தா அப்பாவை நாலு வருஷம் கடிதங்களில் பார்த்தாள், இன்னொரு நாலு வருஷம் கிறிஸ்துமஸ் அட்டைகளில் பார்த்தாள், அப்புறம் எதிலும் பார்க்கவில்லை. வளர்ந்து, லைசென்ஸ் எடுத்து, மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் பார் ஏற்றிப்போகிற குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் கன்டெய்னர் ஒன்று அவள் பெயருக்கு வந்து இறங்கியது, கூடவே ஒரு கடிதமும் வந்தது.

செலஸ்டின் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி எழுதியிருந்தார். போன பனிக்காலத்தில் செலஸ்டின் கையில் ஸ்பேனரோடு நின்றவாக்கில் காலமாகிவிட்டார். பதினோரு வருஷமாக இந்த வண்டியைத்தான் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு சாமான் வாங்குவார், கையில் காசில்லாமல் போனால் இரண்டு சாமானை விற்பார், அதனால் வண்டி வளரவே இல்லை, ஒரு நாள்கூட அவர் அதை ஓட்டியதும் இல்லை. இது என் மகளுக்கு என்று மட்டும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே பட்டறையில் எல்லாருமாகச் சேர்ந்து அனுப்பிவைக்கிறோம்.

பான்டியாக் என்று பெயர். அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி, எட்டு சிலிண்டர், நல்ல காலத்தில் அது கிளம்பினால் ரோடே பாய் மாதிரி சுருண்டு பின்னால் போகுமாம். எங்கள் ஊரில் இரண்டே நாளில் அது பாண்டியன் வண்டி ஆகிவிட்டது. கன்டெய்னரைத் திறந்தபோது பாண்டியனிடம் துருப்பிடித்த ஒரு சட்டம், இறுகிப்போன எஞ்சின், பாதிக் கூரை, இடது பக்கமாக ஒரு ஸ்டியரிங், பின்சீட் இருக்க வேண்டிய இடத்தில் காலியான ஓர் அமெரிக்க எலிக்கூடு, இவ்வளவுதான் இருந்தன. கதவு இல்லை, பானெட் இல்லை, பம்பர் இல்லை. ஆறு மாதத்துக்குள் ஓடுகிற வண்டியாக்கி நம்பர் வாங்க வேண்டும், தவறினால் உடைசல் என்று எழுதி நசுக்கிவிடுவோம் என்கிற சுங்க அலுவலகக் கட்டளைத்தாளோடு அதை மாசாணத்தின் பட்டறைக்கு முன்னால் இறக்கிவைத்தார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாசாணம் பல்குச்சியோடு வெளியே வந்து பார்த்தபோது, சட்டம் சட்டமாக நின்றது, தரையில் மட்டும் முழுக் கார் ஒன்று கிடந்தது. நீண்ட பானெட், சரிந்து இறங்குகிற கூரை, முன்னால் பம்பர், பக்கத்தில் பூனைக்காது மாதிரிக் கண்ணாடி, எல்லாம் கத்தரித்து ஒட்டியதுபோலக் கன்னங்கரேலென்று இருந்தன.

"வே வியாகுலம், இங்க வாரும்" என்று கூப்பிட்டான். தகடு அடித்து உரு கொடுக்கிற டிங்கர் வியாகுலம் வந்தார். தரையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்தார்.

"கதவு ரெண்டுதானா?"

"ரெண்டுதான் போல."

"நாலுன்னு நெனச்சில்லா தகடு சொல்லிட்டேன்" என்றார் வியாகுலம், அதற்கு மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

மற்றபடி இருவருக்கும் அது வசதியாகவே பட்டது. எங்கள் பக்கத்தில் அந்த மாதிரி வண்டியை யாரும் கண்ணால் கண்டதில்லை, எந்த வளைவு எங்கே முடிகிறது என்று யாரைப் போய்க் கேட்பது, இப்போது வண்டியே தன்னைத் தரையில் வரைந்து காட்டுகிறது. மாசாணம் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு முழக் கம்பை நட்டான். கம்பின் நிழலும் சரியாக ஒரு முழம் ஆகிற நேரம்தான் அளக்கிற நேரம், காலையில் ஒன்று, சாயங்காலத்தில் ஒன்று, அதற்கு முன்னும் பின்னும் டேப்பைத் தொடக் கூடாது. பக்கவாட்டு அளவுக்கு வண்டியைத் தெற்கே பார்க்க நிறுத்தினார்கள், முன்பக்க அளவுக்குக் கிழக்கே பார்க்கத் திருப்பினார்கள். நேரம் வந்ததும் மாசாணம் விசிலடிப்பான், வியாகுலம் சுண்ணாம்புக் கட்டியோடு தரையில் குப்புற விழுவார், போகிற வருகிறவர்கள் எல்லாம் நிழலை மிதிக்காமல் நின்றுகொள்வார்கள்.

ஒரே ஒரு நாள் வியாகுலம் டீ குடிக்கப் போன இடத்தில் தேர்தல் பேச்சில் மாட்டிக்கொண்டு, நாலரை மணிக்கு ஓடிவந்து, கம்பைப் பார்க்காமல் கதவை அளந்துவிட்டார். கதவு இரண்டு மடங்கு உயரத்தில் வந்தது. மாட்டிப் பார்த்தபோது வண்டி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி இருந்தது.

"இதுல யாரு ஏறப் போறா, பனைமரமா?" என்றான் மாசாணம்.

"அமெரிக்காக்காரன் உசரம் ஜாஸ்தி வே" என்று வியாகுலம் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. அந்தக் கதவுகளில் ஒன்று இன்றைக்கும் டீக்கடைக் கழிப்பறையில் நல்லபடியாக உழைத்துக்கொண்டிருக்கிறது, உள்ளே போகிறவர்கள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்ள வேண்டும்.

ஊரும் அந்த நிழலுக்குத் தகுந்தபடி தன்னைத் திருத்திக்கொண்டது. மேகம் மூடிய நாளைப் பட்டறைத் தெருவில் விடுமுறை என்று வைத்தார்கள். பட்டறை வாசலில் நின்ற வாதாமரத்தின் மேற்குக் கிளை வெயிலை மறைக்கிறது என்று மரத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெட்டினார்கள். எதிர்வீட்டு ரோசம்மாள் காயவைத்த கருவாட்டின்மேல் சாயங்கால நிழல் போய் விழுந்தது, கருவாட்டில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று ஒரு வாரம் சண்டை போட்டாள், அப்புறம் அதற்கென்றே தேடிவந்து வாங்குகிறவர்கள் கூடியதும், நிழலை இன்னும் கொஞ்சம் தள்ளி விழவைக்க முடியுமா, இன்னொரு பாய் விரித்துக்கொள்வேன் என்று கேட்டாள். கருவாட்டு வாடை எனக்குப் பழக்கம், அது நிஜமாகவே பெட்ரோல்தான். உப்பளத்து இசக்கி சக்கரமில்லாத தன் சைக்கிளைக் கொண்டுவந்து வெயிலில் நிறுத்திவைத்து ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார், அதன் நிழலிலும் சக்கரம் வரவில்லை. "நம்மூர்ச் சாமான் நம்மூர் மாதிரித்தான் நிழல் விடும் அண்ணாச்சி" என்று மாசாணம் அவரைத் தேற்றி, பழைய சக்கரம் இரண்டைக் கொடுத்தனுப்பினான்.

இப்படியே நாலு மாதத்தில் பானெட் வந்தது, பம்பர் வந்தது, வள்ளத்து எஞ்சினில் கழற்றிய பிஸ்டன்களை லேத்தில் கடைந்து இறக்கி எட்டு சிலிண்டருக்கும் உயிர் வந்தது. நிழலில் வராதது நிறம் ஒன்றுதான். அது என் பாடு, நான்தான் பெயின்டர். தெருவே கூடி ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள், நான் யாரையும் கேட்காமல் வள்ளங்களுக்கு அடிக்கிற கடல்நீலத்தை அடித்துவிட்டேன், டப்பாவில் மிச்சம் இருந்தது அதுதான்.

சரியான அளவில் அடித்த கதவுகளை மாட்டி, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்ட அன்றைக்குச் சாயங்காலம், ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்த வெளிச்சக் கட்டத்துக்குள் ஒரு தலை இருந்தது. தலையும், ஸ்டியரிங்கைப் பிடித்த ஒரு கையும், ஜன்னலில் சாய்த்துவைத்த இன்னொரு முழங்கையும். வண்டிக்குள் எட்டிப் பார்த்தோம், யாரும் இல்லை.

"உள்ள ஆள் இருக்கு. கதவை மெதுவாச் சாத்துங்க" என்றான் மாசாணம்.

ஐஸ் இறக்கிவிட்டு நனைந்த சேலையோடு வந்த ஜெசிந்தா, யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்தாள். மூக்கு அவளுடைய மூக்குத்தான், நுனியில் கொஞ்சம் தூக்கியிருக்கும். அன்றுமுதல் தினமும் மூன்று மணிக்குக் குட்டியானையை ஓரங்கட்டிவிட்டு, தூக்குவாளியைத் திறந்து, நிழல் ரோசம்மாள் வீட்டுச் சுவரில் ஏறி மறைகிறவரைக்கும் அந்தத் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஐஸ் கம்பெனிக் கதை சொன்னாள், லாரிக்காரன் ஒருத்தன் இடித்துவிட்டுத் தன்னையே திட்டியதைச் சொன்னாள். நிழல் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தது. ஓட்டுகிற ஆள் ரோட்டைத்தானே பார்க்க வேண்டும் என்று அவளே அதற்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

அமலோற்பவம் இரண்டு வாரம் வரவில்லை. பின்பு ஒரு நாள் கோவிலுக்குப் போகிறவள்போலக் குடையோடு வந்தாள். ஐந்து நிமிஷம் தரையைப் பார்த்தாள்.

"சோப்பு வாங்கியாச்சா?" என்று கேட்டாள்.

நிழல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் உக்காந்திருக்கான். மாப்பிள்ளை மாதிரி" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குடையைச் சற்றே சாய்த்தாள், குடை நிழல் போய் அந்தத் தலையின்மேல் விழுந்தது. வெயிலுக்கென்று பிடித்தாளா, முகத்தில் விழிக்கக் கூடாதென்று மறைத்தாளா என்று தெருவில் இரண்டு கட்சி உண்டு. நான் இரண்டிலும் இருக்கிறேன்.

ஐந்தரை மாதத்தில், நம்பர் கொடுப்பதற்கு முன்னால் பார்த்துப்போக ஓர் இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். நல்ல பெண். வண்டியைச் சுற்றி வந்து, விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாம் சரி என்று எழுதினார், பின்பு தரையைப் பார்த்தார்.

"உள்ள இருக்கறது யாரு?"

"எங்கப்பா மேடம்" என்றாள் ஜெசிந்தா.

"லைசென்ஸ் இருக்கா?"

"அமெரிக்கால எடுத்திருப்பாரு."

அதையும் எழுதிக்கொண்டார். பின்பு பேனாவை மூடினார். "பாரும்மா, சட்டம் நிழலுக்கு இல்ல, வண்டிக்குத்தான். நம்ம ரோட்டுல ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கணும். பதினஞ்சு நாள் இருக்கு, மாத்திக் காட்டுங்க. இல்லன்னா உடைசல்னுதான் எழுதணும், அத எழுத எனக்குக் கை வராது, ஆனா எழுதிருவேன்."

அவர் போனபிறகு தெருவே வண்டியைச் சுற்றி நின்றது. ஸ்டியரிங்கை மாற்றுவது பெரிய வேலை இல்லை, பழைய ஜீப்பின் ஸ்டியரிங் பெட்டி ஒன்று மாசாணத்திடம் கிடந்தது, பெடல்களையும் டேஷ்போர்டையும் இந்தப் பக்கம் கொண்டுவந்தால் முடிந்தது. ஆனால் பதினோரு வருஷம் கனவு கண்டும் ஒரு நாள்கூட ஓட்டாத மனிதர் இப்போதுதான் உட்கார்ந்து ஓட்டுகிறார், அவர் கையிலிருந்து அதை எப்படிப் பிடுங்குவது? பிடுங்கினால் இருப்பாரா?

"ஷெட்டுக்குள்ள தள்ளி ஒளிச்சி வச்சிருவோம்" என்றார் வியாகுலம்.

"ஷெட்டுக்குள்ள ஏதுவே வெயிலு?" என்றான் மாசாணம். "வெயில் இல்லன்னா அவரும் இல்ல."

"ஒங்களுக்கெல்லாம் என்ன, நிழலுதானன்னு சொல்லுவீங்க" என்று ஜெசிந்தா மெல்லத் தொடங்கினாள். எங்களில் யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. "எனக்கு அவ்வளவுதான் இருக்கு. முப்பது வருஷத்துல ஒரு மாசந்தான் பாத்திருக்கேன்." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "நசுக்கிட்டா வண்டியும் போயிரும், அவரும் போயிருவாரு. மாத்துனா வண்டியாவது நிக்கும். எனக்கு ஓட்டத்தான குடுத்தாரு, உக்காந்து பாக்கவா குடுத்தாரு? ஸ்பேனரைத் தாங்க."

மாசாணம் தானே கழற்றுவதாகச் சொன்னான், அவள் விடவில்லை. இடது கதவைத் திறந்து, உள்ளே போகாமல், வாசலிலேயே கொஞ்சம் நின்றாள்.

"யப்பா, கொஞ்சம் எந்திரிங்க" என்றாள்.

பின்பு குனிந்து நட்டைத் திருகினாள். ஸ்டியரிங் அவள் கையோடு வந்தது. தரையைப் பார்த்தோம். வண்டியில் இல்லாதது நிழலில் இருக்கும் என்கிற வழக்கப்படி ஸ்டியரிங் நிழலில் அப்படியே இருந்தது, பிடிக்கத்தான் ஆள் இல்லை.

வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. ஒவ்வொரு நாளும் அளக்கிற நேரத்துக்கு, அளக்க ஒன்றும் மிச்சமில்லாதபோதும், தெரு முழுக்க வந்து வெளிச்சக் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனது. ஜெசிந்தா மூன்று மணிக்கு வந்து, தூக்குவாளியைத் திறக்காமல், திரும்ப எடுத்துப் போனாள். ரோசம்மாள் கருவாட்டில் பெட்ரோல் வாடை குறைந்துவிட்டது என்றாள், குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. புது ஸ்டியரிங்கை வலப்பக்கம் வைத்து முடுக்கியதும் நிழலின் இடப்பக்கத்திலிருந்து பழைய ஸ்டியரிங் மறைந்தது, இப்போது வண்டியும் நிழலும் ஒன்றுக்கொன்று ஒரு நட்டுக்கூடப் பாக்கியில்லாமல் சரியாக இருந்தன, அதைப் பார்த்து மாசாணம் தலையைத் திருப்பிக்கொண்டான். அமலோற்பவம் மட்டும் மகளிடம், "போனா வரமாட்டான், அது அவன் கொணம். நீ சாப்பிடு" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்து பார்த்து, நம்பர் கொடுத்து, தரையையும் ஒரு தடவை பார்த்து, லைசென்ஸ் பற்றி எழுதியிருந்த வரியைத் தானே அடித்துவிட்டுப் போனார்.

வண்டி ரோட்டில் இறங்குகிற நாளன்று ஊரே துறைமுக ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், மாசாணம் தன் பங்குக்கு நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்தான், இரண்டில் ஒன்றாவது வேலை செய்யும் என்று வியாகுலம் சொன்னார். எட்டு சிலிண்டர் என்றால் என்ன என்று பார்க்க எல்லாருக்கும் ஆசை. ஆட்டோக்காரர்கள் ஆட்டோவை ஓரங்கட்டி ரோட்டைக் காலி செய்துவைத்திருந்தார்கள், அந்த வேகத்தில் காற்று அடிக்குமாம் என்று கடைக்காரர்கள் பலகைகளைக் கட்டிவைத்திருந்தார்கள், நான் என் வேட்டியை ஒருமுறைக்கு இருமுறை இறுக்கிக்கொண்டேன்.

ஜெசிந்தா வலப்பக்கம் ஏறினாள். அமலோற்பவத்துக்கு மாசாணம் இடப்பக்கத்து முன்கதவைத் திறந்துவிட்டான். அவள் அந்தச் சீட்டைப் பார்த்தாள், முன்சீட்டை மடக்கச் சொல்லி, இடுங்கி இடுங்கி, மகளுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். எஞ்சினைத் திருகியதும் வந்த சத்தத்தில் வாதாமரத்திலிருந்து காக்கைகள் எல்லாம் எழுந்து முயல்தீவுப் பக்கம் போய்விட்டன, இரண்டு நாள் திரும்பவில்லை. வண்டி பட்டறைத் தெருவைத் தாண்டி வடக்கே போனது, நிழல் பக்கவாட்டில் கூடவே ஓடியது, அதன் முன்சீட்டில் ஓட்டுகிற பெண்ணின் தலை மட்டும் இருந்தது. பின்பு வண்டி கிழக்கே, கடலைப் பார்க்கத் துறைமுக ரோட்டில் திரும்பியது.

மணி நாலரை. சூரியன் வண்டிக்கு நேர் பின்னால் இருந்தது. ஆகவே நிழல் முன்னால் விழுந்தது, வண்டிக்கு வழிகாட்டுகிறதுபோல நீண்டு, நின்ற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, ஓட்டுகிற ஜெசிந்தாவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரிகிற மாதிரி, ரோட்டில் விரிந்து விழுந்தது. வலப்பக்கம் ஒரு தலை. இடப்பக்கம், ஓட்டுகிறவள் பக்கம் திரும்பிய, மூக்கு நுனி தூக்கிய இன்னொரு தலை.

ரோட்டோரத்துக் கூட்டம் குதிகாலில் எழும்பி எட்டிப் பார்த்தது. ஜெசிந்தா கியரைத் தட்டி வேகத்தைக் கூட்டப் போனாள், கால் அமுக்கிக்கொண்டிருக்கும்போதே அந்த இடப்பக்கத்துத் தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. ஒரு தடவை முன்னால் விழுந்து நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்து, ஜன்னலோரமாக ஒருக்களித்து, அப்படியே நின்றுவிட்டது. பஸ்ஸில் தூரம் போகிறவர்கள், நம்ம ஆள்தான் ஓட்டுகிறான் என்று தெரிந்தால் சாய்வார்களே, அந்தச் சாய்வு.

பின்சீட்டிலிருந்து அமலோற்பவம் முன்னால் குனிந்து பார்த்தாள்.

"மெதுவாப் போ தாயீ" என்றாள். "தூங்குதாரு."

ஜெசிந்தா காலை எடுத்தாள். ரோட்டைச் சுருட்டுகிற வண்டி, ஊரே பலகையும் வேட்டியும் கட்டிக்கொண்டு காத்திருந்த வண்டி, எங்களுக்கு முன்னால் நடக்கிற வேகத்தில் நகர்ந்து போனது. வேகத்தடை வந்த இடத்தில் ஒவ்வொரு சக்கரமாக, பாத்திரத்தில் பால் கொண்டுபோகிற மாதிரி ஏற்றி இறக்கினாள். கூட்டத்தில் யாரும் குறைசொல்லவில்லை. உப்பளத்து இசக்கி மட்டும் விஷயம் புரியாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னால் வந்து, வழி விடச் சொல்லி மணி அடித்தார், அமலோற்பவம் ஜன்னல் வழியே தலையை நீட்டி அவரைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள், அவர் மணியைக் கையால் பொத்திக்கொண்டு சைக்கிளைவிட்டு இறங்கி வண்டியின் பின்னாலேயே உருட்டிக்கொண்டு நடந்தார்.